பிளாஸ்டிக் கொக்கியை நம்பி ஒரு ஹெட்ரெஸ்ட்

கார் சிக்னலில் நிற்கிறது. பின்னாலிருந்து யாரும் இடிக்கவில்லை. திடீரென்று 'டப்' என்று ஒரு சத்தம், பின்மண்டையில் ஓர் அடி. திரும்பிப் பார்த்தால் ஹெட்ரெஸ்ட் இரண்டாகப் பிளந்து, முன்பாதி முதலை வாயைப் போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. கிரைஸ்லர் குழுமத்தின் டாட்ஜ் ஜர்னி, ஜீப் லிபர்ட்டி, கிராண்ட் செரோக்கி, கிரைஸ்லர் டவுன் அண்ட் கன்ட்ரி, டாட்ஜ் கிராண்ட் கேரவன் போன்ற வண்டிகள் வைத்திருக்கும் அமெரிக்கர்களும் கனடியர்களும் பல வருடங்களாக எழுதிவரும் புகார் கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல் இதுதான். கிராண்ட் கேரவன் ஒண்டாரியோவின் விண்ட்சரில் தயாரான வண்டி. கனடாவில் குடும்ப வண்டி என்றாலே அதைத்தான் நினைப்பார்கள், டொரொண்டோத் தமிழர் வீடுகளிலும் அது புதிதல்ல. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது 'பார்ட் தேய்ந்துபோச்சு, மாத்திக்குங்க' என்று விட்டுவிடும் சமாசாரம் இல்லை. இழுத்து வைத்த ஸ்பிரிங்கை மனிதத் தலைக்குச் சில அங்குலம் பின்னால் வைத்து, அதைப் பூட்டும் வேலையைப் பிளாஸ்டிக்கிடம் ஒப்படைத்ததுதான் தவறு. வரைபடப் பலகையிலேயே நடந்த தவறு.

ஹெட்ரெஸ்ட் என்று நாம் சொன்னாலும் அது தலை சாய்த்துத் தூங்குவதற்காக வைத்த தலையணை அல்ல. பின்னாலிருந்து இன்னொரு வண்டி மோதும்போது சீட் முதுகை முன்னால் தள்ளுகிறது, தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அந்த நேரத்தில் கழுத்து எஸ் வடிவத்தில் வளைகிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் தலைக்குப் பின்னால் தாங்கல் கிடைத்தாக வேண்டும். தலைக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் இடையே உள்ள இடைவெளி எவ்வளவு குறைவோ கழுத்துக்கு அவ்வளவு நல்லது. அமெரிக்காவில் 1969 ஜனவரி முதல் கார்களின் முன்சீட்டுக்கு ஹெட்ரெஸ்ட் கட்டாயம். பிற்பாடு வந்த 202ஏ என்ற பாதுகாப்பு விதி இந்த இடைவெளிக்கே 55 மில்லிமீட்டர் என்று உச்சவரம்பு வைத்தது. உயரத்துக்கும் கணக்கு உண்டு: இடுப்பு மூட்டிலிருந்து அளந்தால் முன்சீட்டில் குறைந்தது 800 மில்லிமீட்டர் வரை ஏற்றிவைக்க முடிய வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், 55 மில்லிமீட்டருக்குள் ஹெட்ரெஸ்டை நிரந்தரமாக வைத்தால் பலருக்குத் தலையைப் பிடித்து முன்னால் தள்ளுவது போல இருக்கும். கொண்டை போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். 'சாதாரண நேரத்தில் பின்னால் இருக்கட்டும், மோதல் நடக்கும்போது மட்டும் முன்னால் வரட்டும்' என்ற யோசனை இதற்கு நல்ல விடையாகத் தெரிந்தது. ஆக்டிவ் ஹெட்ரெஸ்ட் அப்படித்தான் பிறந்தது. யோசனையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதைச் செய்ய இரண்டு வழி உண்டு, அந்த இரண்டுக்கும் நடுவேதான் மொத்த விவகாரமும்.

ஒன்று, சாப் நிறுவனம் 1997-இல் தன் 9-5 காரில் கொண்டுவந்த வழி. சீட் முதுகுக்குள் ஒரு தட்டு, அதிலிருந்து ஹெட்ரெஸ்டுக்கு ஒரு நெம்புகோல். பின்னால் மோதினால் உட்கார்ந்திருப்பவரின் முதுகே அந்தத் தட்டை அழுத்தும், அந்த அழுத்தத்தில் ஹெட்ரெஸ்ட் மேலேயும் முன்னேயும் வரும். சென்சாரோ வயரோ இதற்குத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது: இதில் சேமித்து வைத்த சக்தி எதுவுமே கிடையாது. உள்ளே ஏதாவது உடைந்தால் ஹெட்ரெஸ்ட் அசையாமல் சும்மா இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழியில் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இழுத்துப் பூட்டி வைக்கிறார்கள். மோதலை உணரும் கன்ட்ரோலர் சிக்னல் கொடுத்ததும் பூட்டு விடுபடும், முன்பாதி பாய்ந்து வரும். மெர்சிடிஸின் நெக்-ப்ரோ இந்த வகைதான். அதில் மெத்தைப் பகுதி சுமார் 40 மில்லிமீட்டர் முன்னாலும் 30 மில்லிமீட்டர் மேலும் நகரும். கிரைஸ்லர் குழும வண்டிகளிலும் இதே தத்துவம். இங்கே எதாவது உடைந்தால் என்ன ஆகும்? பூட்டு உடைந்தால் ஸ்பிரிங் பாயும். அதாவது பழுதானால் அமைதியாகிவிடும் பொருள் அல்ல இது, பழுதானால் அடிக்கும் பொருள். காரில் ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது 'இது நன்றாக வேலை செய்யுமா' என்று கேட்பதற்கு முன்பு 'இது கெட்டால் என்ன செய்யும்' என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு இந்த வடிவமைப்பின் பதில் மோசமானது.

அப்படிப்பட்ட வடிவத்தைத் தேர்ந்தெடுத்த பிறகாவது பூட்டை எஃகில் செய்திருக்கலாம். 2018-இல் கலிஃபோர்னியாவில் கிரைஸ்லர் குழுமத்தின் மீது தொடர்ந்த வழக்கில் வைத்த முக்கியக் குற்றச்சாட்டே, ஸ்பிரிங்கின் பளுவைத் தாங்கும் பிராக்கெட் ஏபிஎஸ்-பாலிகார்பனேட் கலவைப் பிளாஸ்டிக்கில் செய்தது, நாளடைவில் அது விரிசல் விட்டு உடைகிறது என்பதுதான். நிறுவனம் இதை மறுத்தது. வழக்கின் சட்ட விவாதத்துக்குள் நான் போகவில்லை. பிளாஸ்டிக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஏபிஎஸ்-பாலிகார்பனேட் நல்ல பிளாஸ்டிக். டாஷ்போர்டு சட்டங்கள், லேப்டாப் மூடிகள் எல்லாம் இதில் வரும். திடீர் அடியை நன்றாகத் தாங்கும். ஆனால் இரவும் பகலும் விடாமல் இழுக்கும் பளு வேறு கதை. துணிக்கொடிக்கு நைலான் கயிறு கட்டினால் முதல் நாள் விறைப்பாக நிற்கும், ஆறு மாதத்தில் தொய்ந்திருக்கும். கயிறு அறுந்ததா? இல்லை. பளுவுக்கு மெல்ல இடம் கொடுத்திருக்கிறது. பிளாஸ்டிக்கும் அப்படித்தான் நுண்ணளவில் இழுபட்டுக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்துக்கு மேல் கூர்முனைகளில் மயிரிழை விரிசல் தொடங்கும். உள்ளே படிகமாக ஒழுங்குபடாத இந்த வகைப் பிளாஸ்டிக்குக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: இழுவையில் இருக்கும்போது சில எண்ணெய்களோ கரைப்பான்களோ பட்டால் விரிசல் வேகமெடுக்கும். போதாததற்கு, நீடித்த வெப்பமும் ஈரமும் பாலிகார்பனேட்டின் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டும். கோடையில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் என்ன சூடு இருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக, தொழிற்சாலையில் சில மணி நேரம் இழுத்துப் பார்த்தால் இந்த பிராக்கெட் ஜம்மென்று தேறிவிடும். ஐந்தாம் வருடத்திலோ எட்டாம் வருடத்திலோ உடையும். மூன்று வருட அடிப்படை வாரண்டி அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

சேமித்து வைத்த சக்தி, வயதாகும் பொருள் என்ற இந்தச் சேர்க்கை கார் உலகத்துக்குப் புதிதும் அல்ல. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்கில் நடந்தது இதன் மிகக் கொடிய வடிவம். அங்கே வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போனது ஏர்பேக்கை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்களை (ஏர்பேக்கை ஊதும் பாகங்களை)த் திரும்பப் பெற வேண்டி வந்தது. ஹெட்ரெஸ்டை அதோடு சமமாக வைக்கவில்லை. இது உலோகச் சில்லுகளை வீசுவதில்லை. ஆனால் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஓட்டுநரின் பின்மண்டையில் எதிர்பாராமல் ஓர் அடி விழுந்தால், அடியின் வலி சின்ன விஷயம். அடுத்த இரண்டு விநாடி அவர் ஸ்டீயரிங்கை என்ன செய்வார் என்பதுதான் பெரிய விஷயம்.

கையேட்டில் ஒரு வரி இருக்கிறது, படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. கை, கால், தளர்வாகக் கிடக்கும் சாமான் ஏதாவது ஹெட்ரெஸ்டில் இடித்தாலே அது விரியக்கூடும், ஆகவே சாமான்களைக் கட்டி வையுங்கள் என்று எச்சரிக்கிறது. பின்சீட்டில் குழந்தை காலை உதைக்கும் என்று தெரியாமலா குடும்ப வேனில் இதைப் பொருத்தினார்கள்?

சரி, உங்கள் வண்டியில் இருப்பது இந்த வகைதானா என்று பார்க்க ஹெட்ரெஸ்டின் பக்கவாட்டைப் பாருங்கள். முன்னால் மெத்தைப் பாதி, பின்னால் கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு, நடுவே ஓர் இணைப்புக் கோடு இருந்தால் இதுதான். மேலே கோட் மாட்டுவது, ஹெட்ரெஸ்டையும் சேர்த்து மூடும் சீட் கவர் போடுவது, பின்சீட்டுக்காரர்களுக்கு டிவிடி பிளேயர் தொங்கவிடுவது எல்லாவற்றையும் கையேடே வேண்டாம் என்கிறது. உண்மையான மோதலில் அவை விரிவதைத் தடுக்கும்.

விரிந்துவிட்டால் உடைந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பது எளிது. வண்டியை ஓரம் கட்டிப் பின்சீட்டில் உட்காருங்கள். விரிந்த முன்பாதியின் உச்சியில் இரண்டு கையையும் வையுங்கள். முதலில் கீழே இழுங்கள், பிறகு உங்களை நோக்கிப் பின்னால், பிறகு மறுபடி கீழே. இந்த வரிசை முக்கியம். நேராகப் பின்னால் தள்ளினால் எத்தனை பலம் கொடுத்தாலும் பூட்டாது, அந்த ஆத்திரத்தில் குத்தித்தான் பலர் நல்ல பிராக்கெட்டையும் உடைக்கிறார்கள். விரலைப் பிளவுக்குள் விட வேண்டாம், ஸ்பிரிங் வலுவானது. சரியாகப் பூட்டினால் மெத்தைப் பாதி பின் ஓட்டுக்குள் போய் உட்காரும். பூட்டிய பிறகு நிற்கிறதென்றால் ஏதோ இடித்து விரிந்திருக்கலாம். இரண்டு நாளில் தானாக மறுபடி விரிந்தால் விரிசல் தொடங்கிவிட்டது. பூட்டவே இல்லை, ஆட்டினால் உள்ளே துண்டுகள் கடகடவென்கின்றன என்றால் பிராக்கெட் போய்விட்டது. எப்படியிருந்தாலும் ஒருமுறை டீலரிடம் காட்டச் சொல்லித்தான் கையேடும் சொல்கிறது.

கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டுவது, திருகாணி அடிப்பது, டேப் சுற்றுவது எல்லாம் நடக்கிறது. இதில் என் தராசு இப்படி: கட்டிவைத்த ஹெட்ரெஸ்ட் சாதாரண ஹெட்ரெஸ்டாகவாவது நிற்கும், ஆனால் மோதலில் முன்னால் வராது. டீலரிடம் போய்ச் சேரும் வரை மட்டும் பொறுத்துக்கொள்ளலாம். விரிந்த நிலையிலேயே ஓட்டினால் கழுத்து முன்னால் குனிந்தே இருக்கும், நீண்ட பயணத்துக்கு ஆகாது. எல்லாவற்றிலும் மோசமானது ஹெட்ரெஸ்டையே பிடுங்கி டிக்கியில் போடுவது. கழுத்துக்குத் தாங்கல் போய்விடும். அதோடு உள்ளே வயர் ஓடுவதால் அதை வெட்டினால் ஏர்பேக் விளக்கும் எரியலாம். எரிந்தால் மற்ற ஏர்பேக்குகள் மீது வைத்த நம்பிக்கையும் போச்சு. ஏர்பேக் சுற்றோடு சேர்ந்த வயரில் யார் கை வைத்தாலும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதை மெக்கானிக்குக்கும் நினைவூட்டுங்கள்.

புது ஹெட்ரெஸ்ட் சில நூறு டாலர் ஆகும் என்பதால் பழைய இரும்புக்கடை யார்டுகளில் தேடுகிறார்கள். அங்கே கிடைப்பது அதே வயதுடைய, அதே இழுவையில் அத்தனை வருடம் இருந்த அதே பிளாஸ்டிக். அலமாரியில் இருக்கும்போதும் ஸ்பிரிங் பூட்டியபடிதான் இருக்கிறது. பணத்தைக் கொடுத்துப் பிரச்சினையைத் தள்ளிப்போடுகிறீர்கள். ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் அதே வயது என்பதையும் மறக்க வேண்டாம்.

புகார் கொடுங்கள். வாரண்டி முடிந்த வண்டியென்றாலும் கொடுங்கள். அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் தளத்திலும் கனடாவில் போக்குவரத்துத் துறையான டிரான்ஸ்போர்ட் கனடாவிலும், வண்டியின் அடையாளமான 17 எழுத்து-எண் கொண்ட வின் நம்பரோடு பதியலாம். எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த வேகத்தில், யார் உட்கார்ந்திருந்தபோது, அடி பட்டதா என்பதை எழுதுங்கள். 'ஹெட்ரெஸ்ட் ரிப்பேர்' என்று ஒற்றை வரியில் எழுதும் புகாரால் யாருக்கும் பயனில்லை. பாதுகாப்புக் குறைபாடு என்று தீர்மானமானால் நிறுவனம் ஐந்து வேலை நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், 15 வருடம் வரையான வண்டிகளுக்குச் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். விசாரணை கோரி யாரும் மனுக்கொடுக்கலாம், 120 நாளில் ஏற்பா நிராகரிப்பா என்று பதில் வர வேண்டும்.

பார்ட் மாற்றும்போது உடைந்த பழைய பிராக்கெட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். 'நீங்கள் கையால் இடித்துவிட்டீர்கள்' என்ற பதில் வந்தால் உடைந்த முனையை வெளிச்சத்தில் காட்டுங்கள். ஒரே அடியில் உடைந்த ஏபிஎஸ் கலவை முனையில் பொதுவாக வெள்ளை பூத்து, கிழிந்தாற்போல் இருக்கும். மாதக்கணக்கில் விரிசல் விட்டு உடைந்த முனை பெரும்பாலும் வழவழப்பாக, கண்ணாடி உடைந்தது போலப் பளபளக்கும்.