செட் – அமை

மகளின் ஆங்கில நோட்டில் பக்கத்துக்கு நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். 'செட் – அமை' என்று அதில் ஒரு வரி. அதை நம்பித்தான் அவள் 'சூரியன் ஆறு மணிக்கு அமைத்தது' என்று மொழிபெயர்த்திருந்தாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுந்திருந்தது. ஏன் தவறு என்று ஒரு வார்த்தை இல்லை. "அமை என்று எழுதிப் போட்டதே அவர்கள்தானே அப்பா?" என்றாள். நியாயமான கேள்வி.

1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்தக் குட்டிச் சொல்லுக்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள். விளக்கமும் மேற்கோள்களுமாகச் சுமார் 60,000 சொற்கள், ஒரு நாவல் அளவுக்கு! அதை ஒற்றைத் தமிழ்ச் சொல்லில் அடைத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். இதைப் பாடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவளிடம் வேறு வழியில் சொல்லிப் பார்த்தேன். தமிழில் 'இரு' என்றால் உட்கார், 'இருத்து' என்றால் உட்கார வை. ஆங்கிலத்தில் 'சிட்', 'செட்' உறவும் இதேதான். கடிகாரத்தில் அலாரத்தை ஓர் இடத்தில் உட்கார வைக்கிறோம். முறிந்த எலும்பை அதன் இடத்தில் உட்கார வைக்கிறார்கள். சிமெண்டு தானே உட்கார்ந்து இறுகுகிறது. சூரியனும் அப்படித்தான்: பழைய ஆங்கிலத்தில் அந்தி சாய்வதற்கு 'இருக்கைக்குப் போதல்' என்று பொருள்படும் சொல்லே இருந்தது. அவளுக்கு அது பிடித்துவிட்டது. "நாற்காலி எங்கே போட்டிருக்கும்?" என்று மேற்கே பார்த்தாள்.

தொகுப்பு என்ற பொருளில் வரும் 'செட்' பெரும்பாலும் வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீனில் பிறந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்து இதோடு கலந்தது. கணக்குப் புத்தகத்தில் அதற்குக் கணம் என்று பெயர்.

நம் 'படு' மட்டும் லேசா? படுத்தான், அடி பட்டது, கண் பட்டது, பொழுது பட்டது, படு மோசம். யாராவது ஒரு வெளிநாட்டுக் குழந்தைக்கு 'படு என்றால் கட்டிலில் சாய்வது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் நமக்குச் சிரிப்பு வராதா?

இத்தனைக்கும் நாமே இந்தச் சொல்லை வெகு லாவகமாகப் புழங்குகிறோம். செட் தோசை, பம்பு செட், சினிமா செட் என்று சொல்லும்போது யாரும் குழம்புவதில்லை. பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று பார்த்தே பொருள் பிடித்துக்கொள்கிறோம்.

ஆங்கிலமே படிக்காத என் அம்மா அப்போது கிண்ணத்துத் தண்ணீரிலிருந்து எதையோ எடுத்து உதறியபடி சலித்துக்கொண்டார்: "பத்து நாளாகிறது, இந்தப் பல் செட் இன்னும் செட் ஆகவில்லை."

மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "பாட்டி, இதில் எது அமை?"