தரவு கேட்டால் சிரிப்பு வருகிறதா?

அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். கோலாலம்பூர் ஹோட்டல், மேடையில் பூ அலங்காரம், பின்னால் பெரிய திரையில் 'நெட் ஜீரோ 2050'. தொழில்துறையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்யும் கூட்டு ஆய்வுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்து முடிந்து படமும் எடுத்தாகிவிட்டது. கூட்டத்திலிருந்து ஒரு மாணவி எழுந்து, இந்த ஒப்பந்தத்தின்படி எங்களுக்குத் தரவு எப்போது கிடைக்கும் என்று கேட்கிறாள். அவ்வளவுதான் கேள்வி. முதலில் தொழில்துறைக்கு வந்து நாலு வருஷம் வேலை பாருங்கள், அப்புறம் தரவைப் பற்றிப் பேசலாம் என்று மேடையில் இருந்தவர் சொல்ல, மண்டபமே சிரிக்கிறது. பக்கத்து நாற்காலியில் இருந்த பேராசிரியரும் சேர்ந்து சிரிக்கிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மேடையில் அப்படிப் பேசியவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கமெண்டிலும் எழுதாதீர்கள். ஆளை விடுங்கள், விஷயத்துக்கு வாருங்கள். தரவு தராத கூட்டு ஆய்வு கூட்டு ஆய்வே அல்ல. எத்தனை அமைச்சர்கள் முன்னால் கையெழுத்துப் போட்டாலும் அல்ல.

2023இல் நம் மலேசியாவின் தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம் வந்தது. 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக இருக்க வேண்டும் என்கிறோம். தீபகற்பத்து மின்சாரத்தில் பெரும்பகுதி இன்று நிலக்கரியில் ஓடுகிறது, அந்த நிலக்கரி கப்பலில் வருகிறது. இதை மாற்றுவது பெரிய வேலை, நல்ல வேலை. இதில் ஒரு துளிகூட எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த மாற்றத்தில் எழும் கேள்விகளுக்கான பதில் ஜெர்மனியிலோ ஜப்பானிலோ தயாராக எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. நம் ஊர்க் கேள்விகளுக்கு நம் ஊர்க் கணக்கு வேண்டும்.

செம்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் எடுத்தபின் ஆலைகளில் வெற்றுக் குலைகள் குவிகின்றன. இதுபோன்ற உயிரிக்கழிவை நிலக்கரியோடு கலந்து எரிப்பது திட்டத்தின் முக்கிய முயற்சிகளில் ஒன்று. ஜொகூர் தஞ்சோங் பின் நிலையத்தின் பெயரே அதில் இருக்கிறது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வெற்றுக் குலையின் சாம்பலில் பொட்டாசியம் அதிகம். அதனால் சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே உருகி பாய்லர் குழாய்களில் ஒட்டி இறுகிக்கொள்ளும். எத்தனை விழுக்காடு கலக்கலாம், குலையை முதலில் கழுவிக் காயவைக்க வேண்டுமா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பாய்லரை நிறுத்திச் சுரண்ட வேண்டும்? பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துச் சின்ன உலையில் எரித்துப் பார்த்து இதற்கெல்லாம் முழுப் பதில் சொல்ல முடியாது. ஓடுகிற பாய்லரின் வெப்பநிலைப் பதிவு வேண்டும். அதைக் கேட்டால் சிரிப்பீர்கள் என்றால், ஆய்வாளர் என்னதான் செய்வது?

கூரை சோலாரும் அப்படித்தான். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடு வரை போகலாம், அதாவது 216இலிருந்து 253 வரை. ஒரே தாமானில், அதாவது குடியிருப்பில், நிறையக் கூரைகளில் பேனல் ஏறி, நண்பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால், மின்சாரம் எதிர்த்திசையில் ஓடி அழுத்தம் மேல் எல்லையை நெருங்கும். பத்து நிமிடத்தில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம் கருமேகம் வந்தால் அத்தனை கூரையின் உற்பத்தியும் ஒன்றாக விழும். எந்த ஃபீடரில், அதாவது ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடத்தில், எவ்வளவு சோலார் தாங்கும் என்று சொல்ல அந்த ஃபீடரின் கணக்கு வேண்டும். தரவு, தரவு என்று நான் ஏன் திரும்பத் திரும்பக் கத்துகிறேன் என்று இப்போது புரிகிறதா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. நான் மாஸ்டர்ஸ் செய்தபோது என் ஆய்வும் இப்படி ஒரு 'தொழில்துறைக் கூட்டு'தான். நிறுவனத்தின் சின்னம் என் முதல் ஸ்லைடில் இருந்தது. பினாங்கு வீடுகளில் மாலை நேர மின்தேவையும் கூரை சோலாரும் எப்படிப் பொருந்தும் என்பது தலைப்பு. தரவு வரும், வரும் என்றார்கள். கூட்டத்துக்கு வரச் சொல்வார்கள், காப்பி தருவார்கள், சட்டப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது என்பார்கள். கடைசிவரை வரவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? லண்டன் வீடுகளின் கணக்கை எடுத்து என் ஆய்வேட்டை முடித்தேன்.

ஆமாம், லண்டன். அங்கே மின்விநியோக நிறுவனமான யூகே பவர் நெட்வொர்க்ஸும் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து 'லோ கார்பன் லண்டன்' என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். 5,567 வீடுகளில் 2011 நவம்பரிலிருந்து 2014 பிப்ரவரி வரை அரை மணிக்கு ஒருமுறை எடுத்த மின்கணக்கு. பெயர், முகவரி எதுவும் இல்லாமல் பொதுவில் போட்டுவிட்டார்கள். உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் மாணவரும் இறக்கிக்கொள்ளலாம். அப்படித்தான் நானும் இறக்கினேன். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரின் கணக்கை வைத்து, இரவெல்லாம் ஏர்கான் ஓடும் பட்டர்வொர்த் வீட்டுக்கு விடை எழுதினேன். என்னென்னவோ திருத்தம் போட்டேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஒரு தேர்வாளர், இது நம் ஊருக்குப் பொருந்துமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொருந்தும் என்று முழு மனதோடு சொல்ல என்னால் முடியவில்லை. அந்த நிமிடம் பட்ட வலி இன்னும் போகவில்லை. ஆய்வேட்டின் நன்றியுரையில் அந்த நிறுவனத்துக்கு நன்றி எழுத வேண்டியிருந்தது, அதையும் எழுதினேன்.

இனி வழக்கமான பதில்கள் வரும், வரட்டும்.

வணிக ரகசியம் என்பீர்கள். எது ரகசியம்? விலைப் பேச்சு ரகசியமாக இருக்கட்டும், இயந்திர வடிவமைப்பு ரகசியமாக இருக்கட்டும். ஒரு தாமானில் மாலை ஏழு மணிக்கு எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதில் என்ன ரகசியம்? பெயரை எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஒரு வருஷம் தள்ளிக் கொடுங்கள். வெளியிடும்முன் படித்துப் பார்க்கும் உரிமையை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்வார்கள். லண்டனில் ஐயாயிரம் குடும்பங்களின் அந்தரங்கம் கெட்டுப்போகவில்லையே.

பேராசிரியர்கள் கேபிஐ என்ற பணி இலக்குக் கணக்குக்காகக் கட்டுரை எழுதுகிறவர்கள், அவர்கள் ஆய்வு அலமாரியில்தான் தூங்குகிறது என்பீர்கள். அப்படிச் சிலர் உண்டு. சரி, அதனால்? கையில் நிஜத் தரவு இல்லாதவர் கணினிக்குள் ஒரு கற்பனை ஊரைக் கட்டித்தான் கட்டுரை எழுதுவார். கதவைப் பூட்டி வைத்துவிட்டு, இவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது என்று குறை சொல்வது நியாயமா?

பிரிட்டன் பணக்கார நாடு என்று ஒரு அண்ணன் ஏற்கனவே எழுதிவிட்டார். அண்ணே, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். லண்டன் திட்டத்துக்குப் பணம் தந்தது 2010இல் தொடங்கிய ஒரு நிதி, 50 கோடி பவுண்டு வரைக்குமானது. மின்கட்டணம் கட்டும் மக்களிடமிருந்து வந்தது. மக்கள் பணம் என்பதால், கற்றுக்கொண்டதை மற்றவர்களோடு பகிர வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே கடைசி நிலக்கரி நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30ஆம் தேதி மூடப்பட்டது. ஆய்வால் மட்டுமே மூடியது என்று நான் சொல்லவில்லை. ஆய்வாளர்களைச் சிரித்து உட்காரவைத்த நாடு அல்ல என்று சொல்கிறேன்.

நாம் மட்டும் கட்டவில்லையா? உங்கள் மின்கட்டண பில்லை எடுத்துப் பாருங்கள். மாதம் 300 யூனிட்டைத் தாண்டும் வீடு என்றால் கேடபிள்யூடிபிபி என்று ஒரு கூடுதல் கட்டணம் இருக்கும், 1.6 விழுக்காடு. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குப் போகிறது. ஒரு விழுக்காட்டில் தொடங்கியது, 2014இலிருந்து 1.6. என் அம்மா கட்டுகிறார், உங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி கட்டுகிறார். வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் மாட்டுகிறார்கள், அரை மணிக்கு ஒரு கணக்கு பதிவாகிறது. நான் மாணவராக இருந்தபோது இல்லாத வசதி இது. கணக்கு இருக்கிறது. கட்டியவர்கள் நாம். கேட்டால் மட்டும் வேலைக்கு வந்துவிட்டுக் கேள் என்கிறார்கள்.

என்னை மிகவும் காயப்படுத்துவது இன்னொன்று. உனக்கு நாட்டுப்பற்று இல்லை, வெளிநாட்டையே புகழ்கிறாய் என்று சென்ற முறை ஒருவர் எழுதினார். என் அப்பா லைன்மேன். லெம்பாகா லெத்ரிக் என்ற அரசு மின்வாரியக் காலத்தில் சேர்ந்தவர். 1990இல் அது தெனாகா என்ற மின் நிறுவனம் ஆனபிறகும் அதே ஏணிதான், அதே கம்பம்தான். எங்கள் தெருவில் அந்த வேலை பார்த்த தமிழர்கள் எத்தனையோ பேர். புயல் மழையில் நடுராத்திரி போன் வந்தால் கிளம்பிவிடுவார். எந்தத் தெருவில் எந்த மின்மாற்றி சூடாகும், பெருநாள் நேரத்தில் எங்கே முதலில் கரண்ட் போகும் என்று வாயாலேயே சொல்வார். யாரும் அதை எழுதி வைக்கவில்லை, அவரைக் கேட்கவும் இல்லை. இந்த நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த ஒருவர் வீட்டில் வளர்ந்த என்னிடம் நாட்டுப்பற்றைப் பற்றிப் பேசாதீர்கள். நம் ஊர் ஆய்வை நம் ஊர்க் கணக்கில் செய்ய வேண்டும் என்று கேட்பதைவிட வேறு என்ன பற்று வேண்டும்?

என்னோடு படித்தவர்களில் கெட்டிக்காரர்கள் பலர் இப்போது சிங்கப்பூரிலும் மெல்பர்னிலும் இருக்கிறார்கள். சம்பளம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தி போகும்போது என்னிடம் சொன்னது, "அங்க கேட்டா குடுக்கறாங்க." அவ்வளவு கெட்டிக்காரியை இதற்காக இழக்க வேண்டுமா? பிறகு மூளை வெளியேறுகிறது என்று மாநாடு நடத்துவார்கள், அதே ஹோட்டலில்.

பல்கலைக்கழக நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். கையெழுத்துப் போடும்முன் எந்தத் தரவு, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று தாளில் எழுதி வாங்குங்கள். மாணவர் பெயரில் கட்டுரை வெளியிடும் உரிமையையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த விழாவுக்குப் போகாதீர்கள். உங்கள் மாணவியைப் பார்த்து மண்டபம் சிரிக்கும்போது நீங்களாவது சிரிக்காமல் இருங்கள்.

கமெண்டில் அந்தப் பெண்ணின் பெயர், படம் போடுபவர்களை நீக்கிவிடுவேன். எனக்குத் தெரிந்த இரண்டு மாணவர்கள் அடுத்த மாதம் இதுபோன்ற திட்டத்தில் சேரப் போகிறார்கள். ஒப்பந்தத்தில் தரவு விதியை எப்படி எழுதினால் பின்வாங்க முடியாது என்று தெரிந்த வழக்கறிஞர் யாராவது இருந்தால் தயவுசெய்து உள்பெட்டிக்கு வாருங்கள்.