ஆல்டோ கொடுத்து எர்டிகா: எக்ஸ்சேஞ்ச் போனஸை மட்டும் பார்க்காதீர்கள்

பழைய ஆல்டோ காரைக் கொடுத்துப் புது எர்டிகா வாங்குவது பற்றிய ஒரு கட்டுரை, எக்ஸ்சேஞ்ச் போனஸ் (பழைய வண்டியைக் கொடுப்பதற்காக ஷோரூம் தரும் கூடுதல் தொகை) கிடைப்பதைப் பெரிதாகச் சொல்கிறது. ஷோரூமில் இரண்டு கொட்டேஷன் எழுதி வாங்குங்கள்: பழைய வண்டியைக் கொடுத்தால் புது வண்டியின் ஆன்ரோடு விலை (வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து) எவ்வளவு, கொடுக்காவிட்டால் எவ்வளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய காருக்குக் கிடைக்கும் உண்மையான விலை. பல நேரம் பழைய வண்டியின் விலையைக் குறைத்துவிட்டு, அதையே போனஸ் என்று திருப்பித் தருவார்கள்.

அடுத்தது காப்பீடு. நோ கிளைம் போனஸ் (என்.சி.பி. - கிளைம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டிக்கு அல்ல, உங்களுக்கு உரியது. பழைய பாலிசி நிறுவனத்திடம் என்.சி.பி. கடிதம் வாங்கினால் 3 ஆண்டுக்குள் புது வண்டிக்குப் பயன்படுத்தலாம். 5 ஆண்டு கிளைம் இல்லையென்றால் 50%. ஓன் டேமேஜ் (உங்கள் வண்டியின் சேதத்துக்கான) பிரீமியம் 20,000 ரூபாய் என்றால் 10,000 மிச்சம். தேர்ட் பார்ட்டி (மற்றவர்களுக்கு ஏற்படும் இழப்புக்கான) பகுதியில் குறையாது.

பழைய வண்டியின் கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கிப் பெயர் இருந்தால் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது; வங்கிப் பெயரை நீக்கும் படிவம் 35, வங்கியின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) இரண்டும் வேண்டும். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ வெற்றாகக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஆர்.சி. பெயர் மாறாமல் விபத்து நடந்தால் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. அதனால் பழைய வண்டியை ஒப்படைக்கும் டெலிவரி ரசீதில் தேதியோடு நேரமும் எழுதி வாங்குங்கள். அந்த வண்டியின் ஃபாஸ்டேகையும் அன்றே மூடிவிடுங்கள்.

அப்புறம், ஏழு பேர் உட்கார்ந்தால் எர்டிகாவில் டிக்கி 209 லிட்டர்தான். ஊருக்குப் போகும் பெட்டிகளுக்கு கேரியர் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.