கம்பி இல்லாததுதான் நிற்கும்

இரண்டாயிரம் வருடம் கழித்து மலையகத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்டால், பலரும் கண்டி, நுவரெலியா நகரங்களின் மாடிக் கட்டடங்களைக் காட்டுவார்கள். என் கணிப்பில் முதலில் விழப்போவதே அவைதான். உள்ளே இருக்கும் கம்பிதான் காரணம்.

புதுக் கொங்கிறீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்க விடாது. ஆனால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் செத்துவிடும். கம்பிக்கு மேலே இருக்கும் கொங்கிறீட்டோ பெரும்பாலும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான். பிறகு நம்முடைய மழையும் மூடுபனியும் போதும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். கலவையைச் சரியாகக் குத்தி இறக்காமல் பொந்து விழுந்த தூண் இன்னும் சீக்கிரம் போகும்.

தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தில் (1921) இரும்பு இல்லை. கல், செங்கல், சீமெந்து. வளைவு முழுக்க அமுக்கத்தில் நிற்பதால் அதற்குக் கம்பி தேவையே இல்லை. பராமரிப்பு நின்றால் அதற்கு எமன் அரசங்கன்றும், வடிய வழியில்லாமல் உள்ளே தேங்கும் தண்ணீரும்தான். வளைவுகள் விழுந்த பிறகும் தூண்கள் நிற்கும்.

மகாவலித் திட்டத்தில் 1985இல் முடிந்த இரண்டு அணைகளைப் பாருங்கள். கொத்மலை அணை 87 மீற்றர் உயரம். குவித்த பாறைக்கு முன்னால் ஒரு கொங்கிறீட் முகம். வான்கதவுகள் துருப்பிடித்து இறுகி, வெள்ளம் அணையின் தலைக்கு மேல் பாய்ந்தால், பாறைக் குவியல் பின்பக்கமாகக் கரையத் தொடங்கும். விக்டோரியா அப்படியல்ல. 122 மீற்றர் உயர வளைவு அணை. தண்ணீரின் பாரத்தை இரண்டு பக்கப் பாறைக்கும் தள்ளிவிடுகிறது. நீர்த்தேக்கம் வண்டலால் நிரம்பினாலும் அது அருவி விழும் சுவராக நிற்கும். அடிப்பாறை அரிக்கப்படுவது ஒன்றுதான் அதற்கு ஆபத்து.

ஹட்டன் சிங்கமலை ரயில் சுரங்கத்தின் வாய்களை மண் மூடிவிடலாம். உள்ளே குடைந்த இடம் இருக்கும்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் தகரம் சில பத்தாண்டுகளில் போய்விடும். சுவரை மழை கரைக்கும். அத்திவாரக் கல் மட்டும், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கட்டங்களாக, வரிசை வரிசையாகத் தங்கும். எத்தனை பேரை எவ்வளவு இடத்தில் அடைத்தார்கள் என்பதை நாளை தோண்டுகிறவர்கள் அந்த வரிசையிலேயே வாசிப்பார்கள். சரிவு நழுவினால் அதுவும் மிஞ்சாது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் அதைத்தான் கண்டோம்.

எனக்குப் பெரிதாகப் படுவது தேயிலை மலையின் கல்கட்டும், மழைநீர் வடியும் கானும்தான். 120 அடிக்கு ஓர் அடி வாட்டம் பிடித்து, சரிவுக்குக் குறுக்கே நம் ஆட்கள் மண்வெட்டியால் வெட்டிய கான்கள் அவை. வண்டல் மூடினாலும், மேலே காடு வளர்ந்தாலும், சரிவு நழுவாத இடத்தில் மலை முழுக்க அந்தப் படி தெரியும்.