பழைய சிங்கிள்-சிக்ஸில் ஐந்துதான்

ரூகர் சிங்கிள்-சிக்ஸ் .22 ரிவால்வரில் பழையதும் புதியதும் உள்ளே ஒன்றுதான், இரண்டிலும் ஆறு தோட்டா போட்டு வைக்கலாம் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

1953-இல் வந்த பழைய மாடலில், பின்னாலுள்ள சுத்தியல் இறங்கியிருக்கும்போது அதன் அழுத்தம் நேராக, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசிமேல் இருக்கும். கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் குண்டு பாயலாம். அதனால் ஐந்து போட்டு, சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடவேண்டும்.

1973-இல் வந்த நியூ மாடலில் சுத்தியலுக்கும் ஊசிக்கும் இடையே ஒரு பட்டை உண்டு. விசையை இழுத்தால்தான் அது மேலேறி அடியை ஊசிக்குக் கடத்தும். அதில் ஆறும் போடலாம்.

துப்பாக்கியின் உடற்சட்டகத்தின் பக்கவாட்டில் மூன்று திருகு தெரிந்தால் பழையது. சரி, பழையதில் பட்டை பொருத்தி மாற்றியிருந்தால்? திருகு அப்படியேதான் இருக்கும். அந்த மாற்றத்தை ரூகர் நிறுவனமே இலவசமாகச் செய்து தருகிறது.