பின்தங்கிய மாவட்டத்துக்கு நாவல் எதற்கு?

எங்கள் தருமபுரி மாவட்டத்துக் கூட்டம் ஒன்றில் ஒருவர் பேசிய வீடியோவை இந்நேரம் பலர் பார்த்திருப்பீர்கள். பேசியவர் பெயரை எழுதப் போவதில்லை. ஆள் முக்கியமில்லை, பேச்சுதான் முக்கியம். "நம்முடையது பின்தங்கிய மாவட்டம். நம் பிள்ளைகள் நாவல் படித்து நேரத்தை வீணாக்கக் கூடாது. போட்டித் தேர்வுக்குப் படியுங்கள். கதைதான் வேண்டும் என்றால் யூடியூபில் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்." உடனே கைதட்டல். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். பக்கத்து நாற்காலியில் அம்மா.

நாவல் என்பது பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. இந்தப் பதிவு முழுக்க இதைத்தான் சொல்லப் போகிறேன்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. திரௌபதை அம்மன் கோயிலில் பாரதத் திருவிழா வைத்தால் பகலில் மகாபாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து, கடைசி நாள் துரியோதனன் வீழ்கிற படுகளம். துரியோதனன் சாகப்போவது தெரியாமலா ஊரே பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறது? திரௌபதி கூந்தல் முடிவாள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் அத்தனை இரவும் தூக்கத்தை விட்டு உட்கார்கிறோம். யாரும் கூத்து வாத்தியாரிடம் போய்ச் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று கேட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடக் கேட்டதில்லை. நன்றாகப் படித்தவர் ஒருவர்தான் மேடையேறிக் கேட்கிறார்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். எங்களுக்குச் சொந்த ஊர் பாலக்கோடு. அப்பாவுக்குத் தக்காளித் தோட்டம். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டை ஒட்டி வைத்திருப்பார். எங்கள் வீட்டில் முதலில் இருந்த நாவல்கள் அவைதான். மத்தியானம் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார, அம்மா வாசிக்க, நான் மடியில் படுத்துக் கேட்பேன். அப்படி வளர்ந்த எனக்கு, வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று ஆனபின் வாசிப்பு குறைந்தது. ஃபோன் வந்தபின் சுத்தமாக நின்றது. ஒரு பக்கம் முடிவதற்குள் கை அதைத் தேடும்.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆன சமயத்தில்தான் மறுபடி தொடங்கியது. கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றார்கள். "நீ படி, நான் கேக்கறேன்" என்றார் அம்மா. கையில் அகப்பட்டது கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976-ல் வந்த நாவல். வாய்விட்டுப் படிக்கும்போது ஒரு நன்மை, கண் வரிகளைத் தாண்டி ஓட முடியாது. எல்லாச் சொல்லையும் சொல்லியாக வேண்டும். முதலில் நாலு பக்கத்திலேயே தொண்டை வறண்டது. போகப்போக நீண்டது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நாங்கள். தெலுங்கு தேசத்திலிருந்து தப்பித்து தெற்கே நடந்து வருகிற அந்தக் கூட்டத்தின் கதையை மங்கத்தாயாரு அம்மாள் சொல்லச் சொல்ல, அம்மா குறுக்கே பேச ஆரம்பித்துவிட்டார். "எங்க பாட்டியும் இப்படித்தான் ஒண்ணு சொல்லும்" என்று நான் கேள்விப்படாத எங்கள் குடும்பத்துச் சங்கதிகள் வெளியே வந்தன. சில இரவுகளில் புத்தகம் அப்படியே மூடிக் கிடக்கும், பேச்சு மட்டும் ஓடும்.

இதைச் சுருக்கிச் சொல்வதென்றால், ஒரு ராஜா சென்னாதேவி என்ற பெண்ணை அடைய நினைத்தான், அவளுடைய ஆட்கள் ஊரைவிட்டு ஓடிவந்து காட்டைத் திருத்தி கிராமம் அமைத்தார்கள். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைக் கேட்டிருந்தால் அம்மா எங்கே நிறுத்தித் தன் பாட்டியைப் பற்றிப் பேசியிருப்பார்?

விட்ட பழக்கம் திரும்ப வேண்டும் என்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லோரும் புகழ்கிற தலையணை நாவலில் தொடங்காதீர்கள். பள்ளிக்கூடக் காலத்தில் பிடித்ததையே மறுபடி எடுங்கள். ஃபோனை வேறு அறையில் வையுங்கள். பிடிக்காததைப் பாதியில் வைத்துவிடலாம், யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை. வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்று கணக்குப் போடுவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். அதுவும் பத்து நிமிடச் சுருக்கம் மாதிரிதான், சீக்கிரம் முடித்தால் போதும் என்கிற அவசரம்.

சரி, கேள்விகள் வரும். "அவர் நல்லெண்ணத்தில் சொன்னார்" என்பீர்கள். இருக்கட்டும். எங்களை எட்டி நிறுத்துகிற எல்லாப் பேச்சும் நல்லெண்ணத்தில்தான் வருகிறது. "நாவல் விலை என்ன தெரியுமா" என்றால், 1948-லிருந்து இங்கே நூலகச் சட்டம் இருக்கிறது, வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், போய் எடுங்கள்.

"வேலை இல்லாத பிள்ளைக்கு நாவல் சோறு போடுமா?" இது நியாயமான கேள்வி. நானும் குரூப் 4 எழுதியிருக்கிறேன். நூலகத்தில் காலை முதல் கைடுகளோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கும் மனசு கனக்கும். ஆனால் அந்த கைடுகளைத் திறந்து பாருங்கள். முதல் தமிழ் நாவல் எது? 'பிரதாப முதலியார் சரித்திரம்', மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1879. ஒரு மதிப்பெண். எல்லோருக்கும் மனப்பாடம். அதில் ஒரு பக்கம் படித்தவர்கள் அந்த மேசையில் எத்தனை பேர்? அதை எழுதியவர் முன்சீப் வேலை பார்த்தவர். உத்தியோகத்துக்கு நாவல் இடைஞ்சல் என்றால் நம் முதல் நாவலே வந்திருக்காது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இரவில் பத்துப் பக்கம் கதை படித்தால் குடி முழுகிவிடாது. அதே நேரத்தை ரீல்ஸ் தின்னும்போது யாரும் மேடை போட்டுக் கண்டிக்கவில்லையே.

என்னைச் சுட்டது அந்த முதல் வாக்கியம். பின்தங்கிய மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசி தருமபுரிதான், 68.5 சதவீதம். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எங்களுக்குப் பிழைப்புக்கு வேண்டியது மட்டும் போதும், மற்றதெல்லாம் சென்னைக்காரர்களுக்கா? இந்திய நூலகத் துறையின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே எழுதினார், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று. அதில் மாவட்டம் பார்த்துப் பிரிக்கவில்லை. பேச்சைத் தொடங்கும்போது இது ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த தகடூர் மண் என்று, தருமபுரியின் பழைய பெயரைச் சொல்லி முழங்கியவரும் அந்த மேடைப் பேச்சாளரேதான். அந்தக் கனியை வாங்கிக்கொண்டது ஒரு புலவர். பாட்டால் என்ன பயன் என்று அதியமான் அவரிடம் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "அப்போ நாம ராத்திரியெல்லாம் உக்காந்து படிச்சது வெட்டி வேலையா?" ஆயுள் முழுக்கத் தொடர்கதைகளைத் தைத்து வைத்தவர் கேட்கிறார். கைதட்டியவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

என்னிடம் கொஞ்சம் நாவல்கள் இருக்கின்றன. பாலக்கோடு, தருமபுரிப் பக்கம் இருப்பவர்கள் உள்பெட்டியில் சொன்னால் இரவல் தருகிறேன். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில். எத்தனை மாதம் வைத்திருந்தாலும் சரி, கிழிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.