நிறுத்தத் தெரிந்த கோச்

பல்கலைக்கழக ஓட்டக் கோச் ஒருவர் ஓய்வு பெற்றால் எல்லோரும் எண்ணுவது கோப்பைகளைத்தான். அமெரிக்காவின் அர்கன்சா பல்கலைக்கழகத்தில் 1972 முதல் 2008 வரை இருந்த ஜான் மெக்டொனல் பற்றிப் பேச்செடுத்தாலே அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ-வின் 40 பட்டங்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். பெரிய சாதனை, மறுக்கவே முடியாது. ஆனால் ஒரு கோச்சை எடைபோட அது மட்டும் போதாது. தன்னிடம் வந்த பிள்ளைகளை எப்போதெல்லாம் ஓடவிடாமல் நிறுத்தினார் என்றும் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. இலையுதிர் காலத்தில் புல்வெளியிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் கிராஸ் கன்ட்ரி, குளிர்காலத்தில் உள்ளரங்கு ட்ராக், வசந்தத்தில் வெளி ட்ராக். அதிலும் கிராஸ் கன்ட்ரி கணக்கு பொல்லாதது. ஏழு பேர் ஓடுவார்கள், முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள், கூட்டுத்தொகை குறைந்த அணி ஜெயிக்கும். உங்கள் ஆள் முதலாவதாக வந்தும் ஐந்தாவது ஆள் நூறாவது இடத்துக்குப் போய்விட்டால் எல்லாம் போச்சு. அந்த ஐந்தாவது பையன் போட்டிக்கு முந்தின வாரம் முன்னங்கால் எலும்பைத் தடவிக்கொண்டு வந்து நிற்கிறான் என்று வையுங்கள். எலும்பில் மயிரிழை விரிசல் இப்படித்தான் தொடங்கும். கோச்சின் வேலையே ஜெயிப்பதை நம்பி இருக்கும்போது, "நீ இந்த வாரம் ஓடாதே" என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ஒரிகன் பல்கலைக்கழகக் கோச் பில் பவர்மேனுக்கு அது இருந்தது. அவர் பெயரைச் சொன்னால் அவர் சேர்ந்து தொடங்கிய நைக்கி ஷூ நிறுவனமும், வாஃபிள் சுடும் அச்சில் வார்த்த ஷூ அடிப்பாகமும்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கு அதைவிடப் பெரியது, ஒரு நாள் கடினம், மறுநாள் லேசு என்று அவர் பிடிவாதமாகக் கடைப்பிடித்த முறை. அவருடைய மாணவர் கென்னி மூர், லேசாக ஓட வேண்டிய நாட்களிலும் தானாகவே கூடுதல் மைல் ஓடிக் களைத்துப்போவார். மூன்று வாரத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று மைல்தான், அதற்கு மேல் கூடாது என்று பவர்மேன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூருக்குக் கடும் கோபம். அது முடிந்து ஓடிய இரண்டு மைல் போட்டியில் தன் பழைய நேரத்தை வெகுவாகக் குறைத்து ஜெயித்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் நான்காவதாக வந்ததும் இதே மூர்தான்.

பெண்கள் அணியில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல். ஓடும் அளவுக்குச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு பலவீனமாகும். எடை குறைந்ததும் முதலில் கொஞ்ச நாள் ஓடி முடிக்கும் நேரமும் குறையலாம். அந்த நேரத்தைப் பார்த்துக் கைதட்டும் கோச், அந்தப் பெண்ணின் இருபது வயது எலும்பைப் பணயம் வைக்கிறார். இதை மன்னிக்கவே முடியாது.

பல்கலைக்கழகங்கள் கோச்சைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டங்களின் பட்டியலோடு இன்னொரு கணக்கையும் கேட்கட்டும். முதலாண்டில் அவரிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்காம் ஆண்டிலும் அணியில் இருந்தார்கள்? எத்தனை பேர் எலும்பு விரிசலோடு வெளியே போனார்கள்? சம்பளத்தையும் ஒப்பந்த நீட்டிப்பையும் முடிவு செய்யும் மேஜையில் இந்த எண்களும் இருக்க வேண்டும்.